வெந்நீரில் முக்கிய ரோமனெஸ்கோ

1

ராஜபாளையத்திலிருந்து சுப்பையா எழுதியிருந்தார். என்னோடு ஒரே அறையில் பதினோரு வருடம் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தோட்ட ஆசை வந்திருக்கிறது. கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒரு வரி. மீதி முழுக்கக் காய்கறி.

"உங்க ஊர்ல பச்சை நிறத்துல, கூம்பு கூம்பா ஒரு காலிபிளவர் விளையுதாமே. டி.வி.யில காட்டுனான். நாலு விதையைக் கவர்ல போட்டு அனுப்பும். சோழபுரத்துல மச்சினன் கிணத்தடியில போட்டுப் பாப்போம்."

அதன் பெயர் ரோமனெஸ்கோ. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆள் யார் பார்த்தாலும் கோபுரம் மாதிரி இருக்கிறது என்பார். நானும் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

விதை அனுப்புவதற்கில்லை, சுப்பையா. அதற்கு நோயில்லை என்று இங்கே ஒரு சான்று வாங்க வேண்டும், அங்கே ஒரு இறக்குமதி அனுமதி வேண்டும், நடுவில் யாராவது ஒருவர் அதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னை இந்த நாட்டுக்கு அனுப்பக் கேட்டதைவிட ஒரு சான்றிதழ் அதிகம். நடைமுறை தெரிந்த நீரே கவரில் போடச் சொல்லலாமா?

அப்படியே வந்து சேர்ந்தாலும் சோழபுரத்தில் அது இலைதான் விடும். பூ கட்ட வாரக்கணக்கில் குளிர்ச்சி வேண்டும். மச்சினன் வீட்டு ஆடுகள் உம்மை வாழ்த்தும், அவ்வளவுதான்.

விதைக்குப் பதிலாக, அது விளையும் விதத்தையும் சமைக்கும் விதத்தையும் எழுதுகிறேன். கூடவே அது என் வீட்டில் செய்த வேலையையும்.

2

எண்பத்தொன்பதில் நானும் சண்முகத்தாயும் இங்கிலாந்துக்கு வந்தோம். மகன் ரவி கூப்பிட்டான். வந்த ஆறு மாதத்தில் ஒன்று கவனித்தேன். இந்த நாட்டில் என் பெயருக்கு ஒரு காகிதம் வருவதில்லை. வீட்டு வரி ரவி பெயரில். மின்சாரம் மருமகள் பெயரில். டாக்டர் கொடுத்த சீட்டில்கூட என் பெயருக்குக் கீழே 'மேற்பார்வை: மகன்' என்று இருந்தது. ஊரில் என் கையெழுத்துக்காக மனிதர்கள் காலையிலிருந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அதை வைத்து நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்கவே ரவி கூட வர வேண்டியிருந்தது.

ரவி பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பேத்திக்குத் தமிழில் 'தாத்தா' ஒரு வார்த்தை வரும். அதையும் டெலிபோன் வந்தால்தான் சொல்வாள்: தாத்தா, போன். வாக்கியத்தில் பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது. அதோடு உரையாடல் முடிந்துவிடும்.

இந்த நிலையில்தான் துண்டு நிலம் கிடைத்தது. இங்கே ஊருக்கு வெளியே காலி நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தோட்டம் போட விரும்பும் வீட்டுக்காரர்களுக்குச் சொற்ப வாடகைக்கு விடுவார்கள். ஒரு சங்கம் அதை நிர்வகிக்கும். அலாட்மெண்ட் என்பார்கள். நான் துண்டு என்றே சொல்கிறேன். அதுவும் ரவி பெயரில்தான். நண்பர் ஒருவர் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தான், ஒருமுறை வந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டான். பிறகு வரவில்லை.

நான் போனேன். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய், யாரும் கேட்காமல் வரக்கூடிய ஒரே இடம்.

சண்முகத்தாயும் வந்தாள். சுந்தரபாண்டியத்தில் விவசாய வீட்டில் பிறந்தவள். நான் நிலத்தைச் சர்வே எண்ணாகப் பார்த்தவன். அவள் மண்ணை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "புளிப்பு மண்ணுங்க. சுண்ணாம்பு போடணும்" என்றாள். கடையில் மூட்டையாக விற்றார்கள். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிற சாமானை இங்கே கைப்பிடி வைத்த பையில், செய்முறை அச்சடித்துத் தருகிறார்கள்.

ரோமனெஸ்கோ விதை கடுகு போல இருக்கும். மார்ச் கடைசியில் தட்டில் மண் நிரப்பி, அரை விரல்கணு ஆழத்தில் போட்டு, ஜன்னல் ஓரம் வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் முளைக்கும். நிஜ இலை இரண்டு விட்டதும் சிறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆறு வாரம் போனால் நிலத்தில் நடலாம். செடிக்குச் செடி இரண்டடி. நட்ட இடத்தை மிதித்து இறுக்குவதுதான் முக்கியம். மண் பொலபொலவென்று இருந்தால் பூ கட்டாமல் உதிரியாகப் போய்விடும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை கிழிய வேண்டும், செடி வரக் கூடாது.

சண்முகத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரவியின் பழைய ரப்பர் பூட்ஸில் நின்று ஒவ்வொரு செடியையும் சுற்றி மிதித்தாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "குதிகாலால் என்று போட்டிருக்கிறது" என்றேன்.

"பூட்ஸுக்குள்ள குதிகால் எங்க இருக்குன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றாள்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் தேறவில்லை. ஒரு வருடம் புறா தின்றது, மறு வருடம் வேர் அழுகியது. மூன்றாம் வருடம் வலை கட்டி, தவறாமல் தண்ணீர் விட்டோம். ஆகஸ்டில் ஒரு செடியின் நடுவில் இலைகளை விலக்கியபோது, இளம்பச்சையில் சுருள் மேல் சுருளாகக் கைக்குள் அடங்குகிற அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஊமத்தங்காய் மாதிரில்ல இருக்கு. இதைத் தின்னா புத்தி பேதலிச்சிராதே?" என்றாள். ஆனால் தினமும் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பாள்.

3

அந்த ஆகஸ்டில்தான் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ரவி பெயருக்கு. குத்தகைதாரர் தாமே சாகுபடி செய்வதில்லை என்று தணிக்கையில் தெரிகிறது, எனவே மாத இறுதிக்குள் காரணம் காட்டாவிட்டால் துண்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். நல்ல அறிவிப்பு. நானே எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை மாற்றியிருக்க மாட்டேன்.

ரவி சாப்பிட்டுக்கொண்டே படித்தான். "விட்டுத் தொலைங்கப்பா. கடையில கிடைக்கிற காய்தானே."

நான் சங்கத்தின் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு பக்கம். சங்கச் செயலாளர் டெரெக் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரே அதை முழுக்கப் படித்ததில்லை என்று பிறகு தெரிந்தது. பதினான்காவது விதி: குத்தகைதாரரின் குடும்பத்தவர் ஒருவர் மூன்று பருவம் தொடர்ந்து சாகுபடி செய்து, தாம் விளைவித்ததைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் வைத்து, நடுவர் அதை ஏற்றுக்கொண்டால், குத்தகையை அவர் பெயருக்கு மாற்றலாம். பரிசு வாங்க வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்டால் போதும்.

மூன்று பருவம் ஆகிவிட்டது. கண்காட்சி செப்டம்பர் நடுவில். செடியில் ஒரு ரோமனெஸ்கோ இருக்கிறது.

"நீங்கதான் முதல் ஆள் இந்த விதியைக் காட்டினது. கண்காட்சி முடியிற வரைக்கும் அறிவிப்பை நிறுத்தி வைக்கிறேன்" என்றார் டெரெக். நுழைவுப் படிவத்தில் 'இது என்னால் விளைவிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு முழுக் கையெழுத்து. இனிஷியலுக்கு அடியில் இழுக்கும் கோட்டைக்கூட விடவில்லை.

4

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். சண்முகத்தாயின் ஊர்க்காரர் ஒருவர் மனு கொண்டுவந்தார். நிலம் அண்ணன் பெயரில். அண்ணன் பம்பாயில். இருபது வருடமாக உழுவது இவர். யார் சாகுபடி என்று எழுதும் அடங்கலிலாவது தன் பெயர் ஏற வேண்டும் என்றார். அண்ணனின் சம்மதக் கடிதம் இல்லை, குத்தகைப் பத்திரமும் இல்லை. 'ஆதாரமில்லை, தள்ளுபடி' என்று எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன். நடைமுறை அது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அவரு உழுததை ஊரே பாத்திருக்குல்லா?" என்றாள் சண்முகத்தாய்.

"ஊர் பாத்தா ஆச்சா? காகிதம் பாக்கணும்."

"அப்ப காகிதத்தைக் கொண்டு உழச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவள் எனக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அநேகமாக அந்த ஒருமுறைதான். ஞாபகம் இருப்பதும் அதனால்தான்.

5

கண்காட்சிக்கு முதல்நாள் சாயங்காலம் ரோமனெஸ்கோவை அறுத்தேன். நான்கு இலை விட்டு, தண்டு இரண்டு அங்குலம் வைத்து, விதியில் சொன்னபடி. வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத்துணி சுற்றி அடுக்களை மேடையில் வைத்தேன். காலை ஒன்பது மணிக்குள் மேசையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது அது ஒரு தட்டில் இருந்தது. துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆவி பறந்தது.

இளம்பச்சை, கரும்பச்சை ஆகியிருந்தது. சுருள்களின் இடுக்கெல்லாம் மஞ்சள்.

"என்ன செஞ்ச?"

"புழு இருந்தா வெளியேறட்டும்னு மஞ்சளும் உப்பும் போட்டு வெந்நில முக்குனேன். செத்த நேரம்தான். ஒரு புழு இருந்துச்சு, பாருங்க" என்று பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள். இருந்தது. மிதந்துகொண்டிருந்தது.

"இது திங்கதுக்கா? பார்வைக்குல்ல வைக்கணும்!"

"பார்வைக்குத்தான் முக்குனேன். நாலு பேரு குனிஞ்சு பாக்கும்போது புழு நெளிஞ்சா அவமானம் யாருக்கு? உங்களுக்குத்தானே?"

இந்த வழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். ராஜபாளையம் வீட்டுக்கு என் மேலதிகாரி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். காலிபிளவர் அப்போது நம் மார்க்கெட்டுக்குக் குளிர்காலத்தில் மட்டும் வரும், விருந்துக்கு வாங்கும் காய். அவர் இலையில் பொரியலுக்குள் ஒரு புழு. அவர் அதை விரலால் ஓரமாக ஒதுக்கி, "சைவச் சாப்பாடுன்னுல்ல சொன்னீரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அத்தனை பேர் முன்னால் அடுக்களை வாசலைப் பார்த்து, "அறிவிருக்காடி உனக்கு?" என்று கேட்டேன். அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காலிபிளவரும் மஞ்சள் வெந்நீரில் முழுகாமல் வேறு எந்த வேலைக்கும் போனதில்லை.

வேறு பூ இல்லை. மற்ற செடிகள் எலுமிச்சை அளவில் இருந்தன. அதையே கொண்டுபோய் வைத்தேன். நடுவர் ஒரு பெண்மணி. குனிந்து பார்த்தார், முகர்ந்தார், டெரெக்கைப் பார்த்தார். அட்டையில் ஒரே ஒரு வரி எழுதிச் சாய்த்து வைத்தார்: 'ஏற்பதற்கில்லை. சமைக்கப்பட்டுள்ளது.'

பக்கத்து மேசைக்காரர் ஒருவர், எண்ணெய் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் அதைச் சமைத்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன், சுப்பையா, எழுதுவதாகச் சொன்னது அதுதானே. சுருள் சுருளாகப் பிரிக்க வேண்டும், கத்தி போட்டு நறுக்கினால் உதிர்ந்துவிடும். சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு. பூவைப் போட்டுத் தண்ணீர் விடாமல் மூடாமல் வதக்க வேண்டும். மூடினால் நிறம் செத்துவிடும். கடைசியில் மிளகும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும். காலிபிளவர் வாடை இருக்காது, பாதாம் மாதிரி ஒரு இனிப்பு இருக்கும். ரவி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். நான் சாப்பிடவில்லை.

6

மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் அவகாசம் இருந்தது. முப்பத்தொன்றாம் விதி: விளைவித்தவரின் தவறின்றி வேறொருவரால் காட்சிப்பொருள் பழுதுபட்டிருந்தால் குழு அதை மறுபடி பரிசீலிக்கலாம்.

டெரெக் நல்ல மனிதர். "என்ன நடந்ததுன்னு எழுதிக் குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நடந்ததை அப்படியே எழுதியிருக்கலாம். 'எங்கள் வீட்டு வழக்கப்படி என் மனைவி கழுவினார்' என்று ஒரு வரி போதும். ஆனால் முப்பது வருடம் மனு படித்தவன் நான். எந்த மனு நிற்கும், எது விழும் என்று தெரியும். வீட்டு வழக்கம் என்று எழுதினால், நீயும் அந்த வீடுதானே என்று குழு கேட்கும். பழுதாக்கியவருக்கும் எனக்கும் நடுவில் தூரம் வேண்டும். எனவே எழுதினேன்: என் மனைவி படிப்பறிவில்லாதவர், இந்த நாட்டு மொழி அறியாதவர், தோட்ட வேலையிலோ போட்டி விதிகளிலோ எந்தப் பரிச்சயமும் இல்லாதவர், என் அனுமதியின்றி இதைச் செய்துவிட்டார்.

நல்ல வரைவு. ஒவ்வொரு சொல்லும் முப்பத்தொன்றாம் விதிக்குள் பொருந்தியது. ஒவ்வொரு சொல்லும் பொய் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதில் முதல் இரண்டும் பொய் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உறையின் மேல் என் பெயர். 'மேற்பார்வை' இல்லை, 'மகன்' இல்லை. பிரித்துப் படித்தேன். தங்கள் மனைவி குறித்துத் தாங்கள் தெரிவித்தவற்றைக் குழு ஏற்றுக்கொள்கிறது என்று, நான் எழுதிய வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, துண்டு எண் இருபத்தாறு இன்று முதல் தங்கள் பெயரில் என்று முடித்திருந்தார்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, ரவியின் ஆபீசுக்குப் போன் செய்ய முன்னறைக்குப் போனேன். வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது சண்முகத்தாய் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். வரிக்குக் கீழே விரல் நகர்ந்துகொண்டிருந்தது. உதடும் கூடவே.

செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அவள் நூலகத்துக்குப் போவாள். குஜராத்திப் பெண்கள் நாலைந்து பேர் கூடி டீ குடித்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே வயதான பெண்களுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்பதும், இவள் இரண்டு வருடமாக அதில் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

"இது என்ன வார்த்தைங்க?" என்றாள். விரல் 'இல்லிட்டரேட்' மேல் நின்றது.

கடிதத்தை எடுக்கக் கை நீட்டினேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"மத்ததெல்லாம் புரியுது. பாஷை தெரியாதவ. தோட்ட வேலை தெரியாதவ. இது ஒண்ணுதான் இன்னும் சொல்லிக் குடுக்கலை."

"அது... ஒரு நடைமுறைக்காக எழுதுறது."

"நடைமுறைக்குப் பேரு கேக்கலை. அர்த்தம் கேட்டேன்."

சொன்னேன். வேறு வழியில்லை, சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினாள். கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அடுப்பில் ஏதோ இருந்தது, எழுந்து போனாள்.

7

இரண்டு வருடம் ஆகிறது. துண்டு என் பெயரில்தான் இருக்கிறது. சண்முகத்தாய் அங்கே வருவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், மழை வரும்போல இருந்தால் குடையை வாசலில் வைக்கிறாள். நான் விளைவித்துக் கொண்டுபோவதைக் கழுவி, குளிர்பெட்டியில் வைத்துவிடுவாள். சமைப்பதற்குக் கடையிலிருந்து உறையவைத்த காலிபிளவர் பொட்டலம் வாங்கி வருகிறாள். நான் கொண்டுவந்தது மஞ்சளாகி, பிறகு கறுத்து, குப்பைக்குப் போகும்.

தனியாகச் செய்தால் விளைச்சலும் அப்படித்தான் இருக்கிறது. நான் மிதித்த மண் இறுகுவதில்லை. போன வருடம் ஏழு செடியில் ஒன்று பூத்தது, அதுவும் உதிரி.

சுப்பையாவின் கடிதம் வந்த மறுநாள் சங்க அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தேன். டெரெக் ஒரு கோப்பை மூடிக்கொண்டே, "உங்க மனைவியோட விண்ணப்பம் கிடைச்சுது. பட்டியல்ல ஒன்பதாவது" என்றார்.

"என்ன விண்ணப்பம்?"

"துண்டுக்கு. இங்கயே உட்காந்து அவங்களே எழுதுனாங்க. ஒரு அடித்தல் இல்லை." காட்டினார். பெரிய பெரிய எழுத்து, கோட்டை விட்டு இறங்காமல். பெயர்: சண்முகத்தாய். முன் அனுபவம் என்ற இடத்தில் 'சிறுவயது முதல்' என்று எழுதியிருந்தாள். துண்டு எண் இருபத்தாறு, மூன்று வருடம் என்றும் எழுதியிருந்தாள். டெரெக் என்னைப் பார்த்தார். நான் எழுதிய மனுவும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அவர் சுண்ணாம்பு எத்தனை மூட்டை என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விண்ணப்பம் போட்டிருக்கியாமே."

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். விதிக்குப் போய்விட்டேன். அங்கேதான் எனக்கு நிற்க இடம் இருக்கிறது. "ஒரு வீட்டுக்கு ஒரு துண்டுதான். ஒன்பதாம் விதி. நான் வச்சிருக்கும்போது உனக்குத் தர மாட்டாங்க."

"படிச்சேன்" என்றாள். தண்ணீரை வடித்தாள். "ஒன்பதாவது ஆளுக்கு முறை வர எம்புட்டு நாளாகும்?"

கணக்குப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு துண்டு காலியாகும். "நாலு, நாலரை வருஷம்."

"சரி" என்றாள். "அதுவரைக்கும் நீங்க வச்சுக்கிடுங்க."